எலும்புப்புரை உள்ள தொடையில் ஸ்க்ரூ நிற்க: இடுப்பு முறிவைப் பொருத்தும் முழு வழிகாட்டி

தெர்மாக்கோல் அட்டை ஒன்றில் 6.5 மி.மீ. கேன்சலஸ் ஸ்க்ரூவை (எலும்பின் பஞ்சு போன்ற உட்பகுதிக்கானது) முறுக்கிப் பாருங்கள். முதல் தடவை ஓரளவு பிடிக்கும். கழற்றிவிட்டு அதே ஓட்டையில் மறுபடி போட்டால் சும்மா சுற்றும். இன்னும் அரைச் சுற்று இறுக்கலாமே என்று ஆசைப்பட்டாலும் அதே கதைதான். என்னிடம் வரும் பி.ஜி. மாணவர்களை முதல் வாரமே இதைச் செய்யச் சொல்வேன். எண்பது வயதுப் பாட்டியின் தொடை எலும்புத் தலை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதைக் கை தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இது எலும்பு அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களுக்காக எழுதுவது. எலும்புப்புரையில் வரும் முறிவுகள் பல. நான் எடுத்துக்கொள்வது இன்டர்ட்ரோகாண்டரிக் முறிவு, அதாவது தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே இரண்டு புடைப்புகளுக்கு (ட்ரோகாண்டர்) இடையே வருவது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்க ஸ்ட்ரெச்சரில் வந்து சேரும் அதே கேஸ்தான். பிளேட் (உலோகப் பட்டை) போடும் இடங்களில் என்ன மாறும் என்பதை 8ஆம் பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. இந்த எலும்பில் முதல் சில வாரங்களில் உலோகம் உடைவது அபூர்வம், எலும்புதான் விட்டுக்கொடுக்கும். அதனால் உங்கள் கவனம் அதிகம் போக வேண்டியது ரிடக்ஷனுக்கு, அதாவது விலகிய துண்டுகளை இடத்தில் சேர்ப்பதற்கு. அடுத்து, தலைக்குள் ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்பதற்கு. எந்தக் கம்பெனி நெயில் (எலும்புக்குள் இறக்கும் கம்பி), சிமென்ட் போடலாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. புதியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இதே வரிசையில் கீழிருந்து மேலே வரும்.

1. தியேட்டருக்குப் போகுமுன்

சாதாரண ஏபி (முன்னிருந்து எடுக்கும்) எக்ஸ்ரேயை மட்டும் நம்பாதீர்கள். வலி மருந்து கொடுத்து, முடிந்தால் ஃபேசியா இலியாகா பிளாக் (இடுப்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட்டு, காலை மெல்ல இழுத்து உள்பக்கம் திருப்பிப் பிடித்தபடி இன்னொரு படம் எடுங்கள். முதல் படத்தில் கால் வெளிப்பக்கம் திரும்பியிருப்பதால் கழுத்து குட்டையாகத் தெரியும், முறிவுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக மறையும். இழுத்து எடுத்த படத்தில்தான் எத்தனை துண்டு என்பது புரியும்.

நல்ல இடுப்பையும் அதே படத்தில் சேர்த்து எடுங்கள். கழுத்துக்கும் தண்டுக்கும் உள்ள கோணம் ஆளுக்கு ஆள் வேறு. 130 டிகிரி நெயிலா 135 டிகிரியா என்பதை அந்த நல்ல பக்கம்தான் சொல்லும். கெனாலின் (எலும்பின் உட்குழாய்) அகலத்தையும் அங்கேயே அளக்கலாம்.

தொடை முழுவதற்கும் ஒரு பக்கவாட்டுப் படம் தேவை. வயதான பெண்களில் சிலருக்குத் தொடை எலும்பு வில் போல முன்புறம் வளைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் நீள நெயில் இறக்கினால் அதன் நுனி முழங்காலுக்கு மேலே முன்பக்கக் கார்ட்டெக்ஸில் (எலும்பின் கெட்டியான ஓடு) போய் முட்டும். ஐந்தாறு வருடமாக ஆலண்ட்ரோனேட் போன்ற எலும்புப்புரை மாத்திரை சாப்பிட்டவர் என்றால் வெளிப்பக்கக் கார்ட்டெக்ஸ் எங்காவது தடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்தோடு தொடர்புடைய தொடை முறிவு அங்கே தயாராகிக்கொண்டிருக்கலாம்.

ரத்தத்தில் வழக்கமானவற்றோடு கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின். வெயில் கொளுத்தும் ஊர் என்பதால் டி குறைவு இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்காக அறுவையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்பது ஸ்கேன் சொல்லும் வரையறை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்புப்புரை என்று எழுதிவிடலாம்.

குடும்பத்தாரிடம் பேசும்போது ஒரு குழப்பம் வரும். 'எலும்புத் தேய்மானம்' என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தை. எலும்புப்புரை என்பது எலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை மெலிந்துபோவது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஊசி மருந்து எதற்கு என்று பிற்பாடு விளக்கும்போது இந்த ஐந்து நிமிடம் திரும்பக் கிடைக்கும்.

அறுவையை அட்மிட் ஆன அன்றோ மறுநாளோ முடிப்பது இலக்கு. நாள் போகப் போகப் படுக்கைப் புண், நிமோனியா, மனக்குழப்பம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். சரிசெய்ய முடிந்த கோளாறுக்காக நிறுத்தலாம். 'எதற்கும் ஒரு எக்கோ பார்த்துக்கொள்வோம்' என்று மூன்று நாள் காத்திருக்கக் கூடாது.

2. முறிவைப் படித்து இம்பிளான்ட்டை முடிவுசெய்தல்

மூன்று கேள்விகள் போதும். உள்பக்க ஆதாரம், அதாவது லெஸ்ஸர் ட்ரோகாண்டர் பகுதி, பெரிய துண்டாகப் பிரிந்திருக்கிறதா? வெளிச்சுவர் எவ்வளவு தடிமன்? முறிவுக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது?

வெளிச்சுவரைக் கண்ணால் மதிப்பிட்டு நிறுத்தாதீர்கள், அளந்து பாருங்கள். கிரேட்டர் ட்ரோகாண்டரின் வெளிப்பக்க மேட்டிலிருந்து 3 செ.மீ. கீழே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து 135 டிகிரியில் மேலே முறிவுக் கோடு வரை எவ்வளவு என்று பாருங்கள். 2018இல் திருத்தப்பட்ட ஏஓ (எலும்பு முறிவு அறுவைக்கான சர்வதேச அமைப்பு) வகைப்பாடு ஏ1-ஐயும் ஏ2-ஐயும் பிரிப்பதற்கு வைத்திருக்கும் எல்லை 20.5 மி.மீ. அதற்குக் கீழே இருந்தால் டிஹெச்எஸ் (வெளிப்பக்கப் பிளேட்டோடு சேர்ந்த ஸ்லைடிங் ஹிப் ஸ்க்ரூ) பொருத்துவதற்கு ரீமர் (துளையைக் குடையும் கருவி) போடும் பெரிய ஓட்டையிலேயே சுவர் உடைந்துவிடலாம். சுவர் உடைந்தால் தண்டு உள்பக்கம் நழுவும். ஸ்க்ரூ சறுக்குவதற்கு எல்லையே இருக்காது.

கோடு தலைகீழாக, உள்ளிருந்து வெளியே கீழ்நோக்கி ஓடினால் அது ஏ3. அதற்கு நெயில்தான், யோசிக்கவே வேண்டாம். ஏ1-க்கு டிஹெச்எஸ் நன்றாக நிற்கும். ஏ2-வில்தான் வாக்குவாதம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் ஏ1, ஏ2 இரண்டுக்குமே ஸ்லைடிங் ஹிப் ஸ்க்ரூவைத்தான் முதலில் வைக்கிறது. சுவர் மெலிந்த ஏ2-வில் நான் நெயில் போடுகிறேன். நெயிலின் மேல்பகுதி கெனாலுக்குள் நின்று, தண்டு உள்பக்கம் சரியாமல் சுவர் வேலையைச் செய்கிறது.

ஸ்க்ரூவா பிளேடா? ஸ்க்ரூவுக்கு எலும்பைத் துளைத்து எடுக்க வேண்டும். ஹெலிக்கல் பிளேடைச் சுத்தியால் தட்டி ஏற்றுகிறோம். அது சுற்றியுள்ள எலும்பை அமுக்கிக்கொண்டே போகும். இருக்கும் கொஞ்ச எலும்பை வெளியே கொட்டாமல் இருப்பது பிளேடுக்குள்ள அனுகூலம். ஆனால் தலையைக் குத்திக்கொண்டு இடுப்புக் குழிக்குள் போகிற பழக்கமும் அதற்கு உண்டு. அதை 6ஆம் பகுதியில் பார்ப்போம்.

3. டேபிளும் சி-ஆர்மும்

டிரேப் போடுமுன் சி-ஆர்மில் (தியேட்டரிலேயே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) ஏபி, லேட்டரல் (பக்கவாட்டு) இரண்டும் தெளிவாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். லேட்டரலில் தலை, கழுத்து, தண்டு மூன்றும் தெரிய வேண்டும். 'அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்' என்று விட்ட லேட்டரல் அப்புறமும் வராது. மங்கலான லேட்டரலை வைத்துக்கொண்டு யாரும் ஸ்க்ரூவை நடுவில் வைத்ததில்லை.

சி-ஆர்ம் நிற்கும் இரண்டு இடங்களையும் தரையில் பிளாஸ்டர் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் டெக்னீஷியன் தேடிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், கதிர்வீச்சும் கூடும்.

உடம்பை எதிர்ப்பக்கம் லேசாக வளைத்து, காலைப் பத்துப் பதினைந்து டிகிரி உள்பக்கம் சேர்த்தால் நெயில் இறங்க வழி கிடைக்கும். பெரினியல் போஸ்ட்டுக்கு (கால்களுக்கு நடுவே நிற்கும் தாங்கு கம்பம்) தடிமனான பஞ்சு வைக்க மறக்காதீர்கள். இந்த வயதில் தோல் காகிதம் போல.

4. ரிடக்ஷன்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

முதலில் நீளவாக்கில் இழுங்கள், பிறகு உள்பக்கம் திருப்புங்கள். வரிசையை மாற்றினால் துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு திரும்ப மறுக்கும். பாட்டெல்லா (முழங்கால் சில்லு) நேரே மேல்நோக்கியோ சற்று உள்நோக்கியோ வரும்வரை திருப்பினால் போதும். அதற்கும் மேலே திருப்பினால் பின்பக்கம் வாய் பிளக்கும்.

இப்போது ஏபியில் ட்ரோகாண்டரின் நுனியைப் பாருங்கள். அது தலையின் நடுப்புள்ளிக்கு நேரே இருக்க வேண்டும். நுனி அந்தப் புள்ளிக்கு மேலே தெரிந்தால் வேரஸ், அதாவது கழுத்துக் கோணம் குறைந்து தலை கீழே சாய்ந்த நிலை. இந்த எலும்பில் வேரஸை மன்னிக்கவே முடியாது. எடை நேரே ஸ்க்ரூவின் வழியாக இறங்காமல், தலையைக் கீழே சாய்க்கும் விசையாக மாறிவிடும். மெலிந்த சல்லடையை ஸ்க்ரூ வெண்ணெயை அறுப்பதுபோல அறுத்துக்கொண்டு மேலே வரும். ஐந்து டிகிரி வேல்கஸ் பக்கம் (கோணம் கூடும் பக்கம்) சாய்ந்தால் கவலையில்லை. எனக்கு அது பிடிக்கவும் செய்யும்.

அடுத்தது உள்பக்கக் கார்ட்டெக்ஸ். கழுத்துத் துண்டின் உள்விளிம்பு தண்டின் உள்விளிம்பைவிடச் சற்று உள்பக்கமாக, கெனாலுக்கு வெளியே, அதன்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தால் நல்லது. எடை ஏற ஏற அது சறுக்கித் தண்டின்மேல் போய் அமரும், அங்கேயே நிற்கும். நேர்விளிம்பாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளலாம். கழுத்துத் துண்டு தண்டின் கெனாலுக்குள் முங்கியிருந்தால் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, சறுக்கிக்கொண்டே போகும்.

லேட்டரலில் பெரும்பாலும் தண்டு பின்பக்கம் தொங்கும். டிராக்ஷனை (இழுவை) கூட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. இழுக்க இழுக்கத் தொங்கல் கூடும். தொடைக்கு அடியில் ஒரு தாங்கி வைத்து மேலே தூக்குங்கள், அல்லது ஒரு உதவியாளர் கையால் தூக்கிப் பிடிக்கட்டும்.

மூடிய முறையில் பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் சின்ன வெட்டு போட்டு ஹுக்கையோ பால் ஸ்பைக்கையோ உள்ளே விடுங்கள். முன்பக்கத்தில் விரல் நுழையும் அளவு வெட்டு, அதன் வழியே ஒரு எலிவேட்டர். முங்கிய கழுத்துத் துண்டை நெம்பி மேலே எடுத்துவிடலாம். 'நெயில் உள்ளே போனால் தானாகச் சேர்ந்துவிடும்' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தொடையின் நடுத்தண்டில் அது உண்மை. இங்கே கெனால் வாய் அகலம், நெயில் எந்தச் சுவரையும் தொடாது. நெயில் போகும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே முறிவு உறையும்.

சேர்ந்த பிறகு, ஸ்க்ரூ வரப்போகும் பாதைக்கு விலகி, ஒரு கைடு ஒயரை (வழிகாட்டும் மெல்லிய கம்பி) தலைக்குள் விட்டு நிலையைக் காப்பாற்றுங்கள். இதன் காரணம் கீழே வரும்.

5. நுழைவுப் புள்ளி

ட்ரோகாண்டரின் நுனி, அல்லது ஒரு மயிரிழை உள்பக்கம். வெளிப்பக்கம் போகவே கூடாது. வெளியே தொடங்கிய நெயில் நேராகும்போது கழுத்தை வேரஸுக்குத் தள்ளும். அரை மணி நேரம் பாடுபட்ட ரிடக்ஷன் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இன்னொரு சிக்கல் முறிவுக் கோடே நுழைவுப் புள்ளி வழியாக ஓடுவது. அப்போது ரீமர் எலும்பைக் குடையாது. இரண்டு துண்டுகளையும் ஆப்பு அடித்த மாதிரி அகற்றிவிட்டு நடுவே இறங்கும். ரீமர் எலும்பைத் தொடுவதற்கு முன்பே முழு வேகத்தில் சுற்றட்டும். மெதுவாக இறக்குங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். உதவியாளர் ட்ரோகாண்டரை வெளியிலிருந்து உள்பக்கம் அமுக்கிப் பிடிக்கட்டும்.

நெயிலைக் கையால் திருகித் திருகி இறக்க வேண்டும். சுத்தி எடுக்கும் தேவை வந்தால் நிறுத்தி, படம் எடுத்து, ஏன் போகவில்லை என்று பாருங்கள். தட்டி இறக்கிய நெயில் மெலிந்த தண்டைப் பிளந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

6. தலைக்குள் ஸ்க்ரூ நிற்கும் இடம்

கைடு ஒயர் ஏபியில் நடுவிலோ சற்றுக் கீழேயோ, லேட்டரலில் நட்ட நடுவிலும் இருக்க வேண்டும். காரணம் எளிது. எலும்புப்புரையிலும் தலையின் நடுவில், இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், எலும்பு மற்ற இடத்தைவிட அடர்த்தி. மேல்முன் கால்வட்டம்தான் மிகவும் மோசம்.

பிறகு நுனித் தூரம். டிப்-அபெக்ஸ் டிஸ்டன்ஸ் என்று 1995இல் பாம்கார்ட்னரும் சகாக்களும் அளந்து காட்டியது. ஸ்க்ரூவின் நுனியிலிருந்து தலையின் உச்சிவரை ஏபியில் எவ்வளவு, லேட்டரலில் எவ்வளவு என்று எடுத்து, இரண்டையும் கூட்ட வேண்டும். அவர்கள் ஆராய்ந்த 198 முறிவுகளில் கூட்டுத்தொகை 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்த 120 ஸ்க்ரூக்களில் ஒன்றுகூட அறுத்துக்கொண்டு வெளியே வரவில்லை.

திரையில் தெரியும் அளவை அப்படியே கூட்டிவிடாதீர்கள். படம் பெரிதாகியிருக்கும். கணக்கு இப்படி: டிஹெச்எஸ் ஸ்க்ரூவின் தண்டு உண்மையில் 8 மி.மீ. ஏபி படத்தில் அது 10 மி.மீ. என்று தெரிகிறது, நுனித் தூரம் 12.5 மி.மீ. என்றால், 12.5-ஐ 8-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க, 10 மி.மீ. லேட்டரலில் தண்டு 9.6, தூரம் 12 என்றால் அதுவும் 10 மி.மீ. மொத்தம் 20. தேறிவிட்டது. தியேட்டரில் இவ்வளவு கணக்குப் போட நேரமில்லை என்பவர்கள், இரண்டு படத்திலும் நுனித் தூரம் ஸ்க்ரூத் தண்டின் அகலத்தைவிடப் பெரிதாக அதிகரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஹெலிக்கல் பிளேடு போட்டால் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரொம்பவும் கிட்டே போன பிளேடு, தலையைக் குத்தி மூட்டுக்குள் நுழைகிறது. உச்சிக்குப் பத்து மி.மீ. போல விட்டு நிறுத்துவது என் வழக்கம்.

பழைய இரட்டை ஸ்க்ரூ பிஎஃப்என் (ப்ராக்ஸிமல் ஃபெமோரல் நெயில்) இன்னும் பல இடங்களில் போடப்படுகிறது. அதில் மேல் ஸ்க்ரூ கீழ் ஸ்க்ரூவைவிடப் பத்து மி.மீ. குட்டையாக இருக்கட்டும். எடை தாங்கும் வேலை கீழே இருப்பதற்கு. மேலேயும் நீளமாகப் போட்டால் சுமை அங்கே மாறி, ஒன்று உள்ளேயும் மற்றது வெளியேயும் நகரும் 'இசட்' கோளாறு வரும்.

பயிற்சி முடித்த புதிதில் நான் செய்த ஒரு கேஸ் இது. கைடு ஒயர் லேட்டரலில் கொஞ்சம் முன்னால் இருந்தது. மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். நான்காவதற்குப் பொறுமை இல்லை. 'பரவாயில்லை, பிடித்துக்கொள்ளும்' என்று ஸ்க்ரூவை ஏற்றினேன். ஆறாவது வாரம் அந்த அம்மா நடக்க முடியவில்லை என்று வந்தார். படத்தில் ஸ்க்ரூ நுனி தலையைத் தாண்டி வெளியே நின்றது. கடைசியில் ஆர்த்ரோபிளாஸ்டி (செயற்கை மூட்டு) செய்ய வேண்டியதாயிற்று. அந்த நாளிலிருந்து ஒயரைப் பத்துத் தடவை மாற்றவும் நான் தயங்குவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, பழைய ஓட்டைக்குள்ளேயே ஒயர் மறுபடி வழுக்கி விழும். கோணத்தையோ நுழையும் மட்டத்தையோ மாற்றிவிட்டு ஏற்றுங்கள். நெயில் என்றால் நெயிலையே ஏற்றி இறக்கியோ திருப்பியோதான் அது நடக்கும்.

7. துளைத்தல், ஏற்றுதல், இறுக்குதல்

ரீமரை உச்சிக்குப் பத்து மி.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள். மீதி எலும்பை ஸ்க்ரூ தானே வெட்டிக்கொண்டு போகட்டும். டேப் போட வேண்டாம். கெட்டியான எலும்பில் மரை வெட்டுவதற்கு உள்ள கருவி அது. இங்கே போட்டால் இருக்கும் பிடிப்பையும் தூளாக்கி வெளியே கொண்டுவரும். ஹெலிக்கல் பிளேடு என்றால் வெளிப்பக்கக் கார்ட்டெக்ஸை மட்டும் திறந்தால் போதும், தலைக்குள் துளைக்கவே வேண்டாம்.

ரீமரை எடுக்கும்போது கைடு ஒயரும் கூடவே வந்துவிடும். எலும்பில் பிடிப்பில்லாததால் இது அடிக்கடி நடக்கும். ஒயரின் நுனி சப்காண்ட்ரல் எலும்பில் (குருத்தெலும்புக்கு அடியில் உள்ள கெட்டி எலும்பு) பதிந்திருந்தால் வராது. ரீமர் வெளியே வரும்போது ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ஸ்க்ரூ கடிகாரச் சுற்றில் திரும்பும்போது தலையும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். இடது இடுப்பில் இந்தத் திருகல் முறிவைக் கலைத்துவிடும். வலதில் அவ்வளவு தொந்தரவில்லை. 4ஆம் பகுதியில் கூடுதலாக ஒரு ஒயர் விடச் சொன்னது இதற்குத்தான்.

கடைசி ஒரு செ.மீ.-ஐ இரண்டு விரலால் முறுக்குங்கள், முழுக் கையால் வேண்டாம். ஸ்க்ரூவின் பிடிப்பு அதன் வெளிவிட்டம், மரையின் ஆழம், எலும்பில் பதிந்த நீளம், எலும்பின் வலிமை இவற்றால் வருவது. இறுக்கத்தைக் கூட்டுவதால் இவற்றில் ஒன்றும் கூடாது. மரை ஒரு தடவை பிய்ந்துவிட்டால் பிடிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஸ்க்ரூத் தலை கார்ட்டெக்ஸில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அது பிடித்திருப்பதாகத் தோன்றும்.

கம்ப்ரெஷன் (துண்டுகளை நெருக்கி அமுக்குவது) கொடுப்பதற்கு முன் டிராக்ஷனைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் இறுக்கினால் கால் இழுக்கும் விசையோடு ஸ்க்ரூ மல்லுக்கட்ட வேண்டும், தோற்பது தலைக்குள் இருக்கும் மரைதான். தூரத்து லாக்கிங் ஸ்க்ரூவும் தளர்த்திய பிறகே. அங்கே டிரில் இரண்டாவது கார்ட்டெக்ஸைத் தாண்டும் உணர்வு மிக லேசாக இருக்கும், காதுக்கும் சத்தம் கேட்காது. ஆழத்தை அளவுகோலால் மட்டும் முடிவுசெய்யாமல் படத்திலும் பாருங்கள்.

8. பிளேட் போடும் இடங்களில்

தோள், முழங்காலுக்கு மேல், மணிக்கட்டு: இங்கெல்லாம் லாக்கிங் பிளேட் வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டதாக ஒரு எண்ணம். சாதாரண பிளேட்டில் ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தளரும். லாக்கிங் பிளேட்டில் தலை பிளேட்டில் பூட்டிக்கொள்வதால் எல்லாம் ஒரே கட்டையாக நிற்கும். போனால் ஒரே கட்டையாகப் போகும். ஆகவே இதுவும் ரிடக்ஷனைக் காப்பாற்றுமே தவிர உருவாக்காது.

வரிசை முக்கியம். எலும்பைப் பிளேட்டிடம் இழுக்க வேண்டுமென்றால் சாதாரண கார்ட்டிகல் ஸ்க்ரூவை முதலில் போடுங்கள், லாக்கிங் அப்புறம். ஒரு துண்டில் லாக் போட்ட பிறகு அதே துண்டில் சாதாரண ஸ்க்ரூவை இறுக்கினால் எதுவும் நகராது, மரை மட்டும் பிய்யும்.

ஒரே கார்ட்டெக்ஸில் நிற்கும் லாக்கிங் ஸ்க்ரூவை இந்த எலும்பில் நம்ப வேண்டாம். கார்ட்டெக்ஸ் ஒன்றரை மி.மீ. தடிமன்தான் என்றால் ஸ்க்ரூ பிடித்திருப்பதும் அவ்வளவுதான். திருகல் விசையில் அது சட்டென்று தளரும். இரண்டு கார்ட்டெக்ஸையும் தாண்டிப் போடுங்கள்.

நொறுங்கிய முறிவில் பிளேட்டின் நீளம் முறிவுப் பகுதியின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். ஓட்டைகளில் பாதிக்கும் குறைவாகவே ஸ்க்ரூ போடுங்கள். எல்லா ஓட்டையையும் நிரப்பினால் பலம் என்று தோன்றும். நடப்பது வேறு: முறிவு அசையவே முடியாமல் காலஸ் (முறிவை இணைக்கும் புது எலும்பு) வராது, கடைசி ஸ்க்ரூவின் அருகே எலும்பு ஒடியும்.

தோளில் இரண்டு விஷயம். தலையின் கீழ்உள் மூலையில் போகும் கால்கார் ஸ்க்ரூக்களை விட்டுவிடாதீர்கள், வேரஸுக்குச் சரிவதைத் தடுப்பது அவைதான். ரொட்டேட்டர் கஃப் தசைநாரில் தடிமனான தையல் போட்டுப் பிளேட்டின் ஓரத்து ஓட்டைகளில் கட்டுங்கள். இந்த வயதில் டியூபரோசிட்டி (தசைநார் ஒட்டும் புடைப்பு) எலும்பைவிட நார் கெட்டி. உள்பக்கம் வெற்றிடமாக இருந்தால் ஃபிபுலா (கீழ்க்காலின் மெல்லிய எலும்பு) துண்டு ஒன்றை உள்ளே நட்டுவைப்பது நல்ல வழி. தலைக்குள் டிரில்லை ஆழமாக விடாதீர்கள். வெளிக்கார்ட்டெக்ஸை மட்டும் துளைத்துவிட்டு, மழுங்கிய அளவுகோலை உள்ளே தள்ளி சப்காண்ட்ரல் எலும்பு தட்டுப்படும் இடத்தை உணருங்கள்.

ஸ்க்ரூ பிய்ந்துவிட்டால் என்ன செய்வது? அதையே மறுபடி இறுக்கப் பார்ப்பதில் பயனில்லை. மெட்டாஃபிஸிஸ் (எலும்பின் அகன்ற முனைப்பகுதி) என்றால் 4.5 கார்ட்டிகலை எடுத்துவிட்டு 6.5 கேன்சலஸ் போடலாம். இல்லையென்றால் கோணத்தை மாற்றலாம், லாக்கிங் ஓட்டைக்கு மாறலாம், அந்த ஓட்டையைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

9. சிமென்ட் எப்போது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ரிடக்ஷன் நன்றாக இருக்கிறது, ஸ்க்ரூ நடுவில் நிற்கிறது, ஆனால் ஏற்றும்போது கையில் எதிர்ப்பே தெரியவில்லை. அப்போது சிமென்ட்டை யோசியுங்கள். வேரஸில் நிற்கும் முறிவுக்குள் சிமென்ட் ஊற்றினால் வேரஸ் கெட்டிப்படும், அவ்வளவுதான்.

இதற்கென ஓட்டை வைத்த பிளேடும் ஸ்க்ரூவும் வருகின்றன. முதலில் கான்ட்ராஸ்ட் மருந்தை விட்டுப் பாருங்கள். கைடு ஒயர் எங்காவது மூட்டுக்குள் குத்தியிருந்தால் மருந்து மூட்டில் பரவுவது தெரியும். தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மூட்டுக்குள் உறைந்த சிமென்ட் மீதமுள்ள குருத்தெலும்பைத் தேய்த்து எடுத்துவிடும்.

மூன்று நான்கு மில்லி போதும், ஆறைத் தாண்ட வேண்டாம். பற்பசைப் பதத்துக்கு வந்த பிறகே செலுத்துங்கள். தண்ணீராக இருக்கும்போது விட்டால் முறிவுக் கோட்டுக்குள் ஓடி எலும்பு சேர்வதைத் தடுக்கும். அக்ரிலிக் சிமென்ட் உறையும்போது சூடாகும். அளவு குறைவாக இருப்பது அதற்கும் நல்லது. கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் சூடாகாது, ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. வெற்றிடத்தை நிரப்ப அது ஆகும், இழுவிசையைத் தாங்க ஆகாது.

மயக்க மருத்துவரிடம் 'சிமென்ட் போடுகிறேன்' என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ரத்த அழுத்தம் அந்த நிமிடத்தில் விழலாம். முதுகெலும்புப் பெடிக்கிள் ஸ்க்ரூவில் இது இன்னும் கவனம் தேவைப்படும் வேலை. ஒரு ஸ்க்ரூவுக்கு ஒன்று முதல் மூன்று மில்லிக்குள். சிரையில் கசிந்தால் நுரையீரலுக்குப் போகும். லைவ் படம் இல்லாமல் அங்கே தொடவே கூடாது.

10. தியேட்டரிலிருந்து வெளியே வந்த பிறகு

மறுநாள் காலை எழுப்பி நிற்க வையுங்கள், முழு எடையோடு. 'பாதி எடை மட்டும் வையுங்கள் பாட்டி' என்பதை எண்பது வயதில் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. கையில் வாக்கரைத் தூக்கிக்கொண்டு ஒரு காலில் குதிப்பதற்கு வேண்டிய தோள் வலிமையும் இல்லை. முழு எடை வைக்க முடியாதபடி பொருத்தியிருக்கிறீர்கள் என்று தோன்றினால், அந்தக் கவலை தியேட்டரிலேயே வந்திருக்க வேண்டும்.

படங்கள்: அறுவை முடிந்த உடன் ஒன்று, இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம். ஒவ்வொன்றையும் முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ வெளிப்பக்கம் கொஞ்சம் சறுக்கினால் முறிவு அமர்கிறது என்று அர்த்தம், பயமில்லை. கழுத்துக் கோணம் குறைந்துகொண்டே வந்தாலோ, ஸ்க்ரூ நுனி தலைக்குள் மேல்நோக்கி நகர்ந்திருந்தாலோ உடனே அழைத்துப் பேசுங்கள். அறுத்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான். சீக்கிரம் கண்டால் இடுப்புக் குழி கெடுவதற்கு முன்பே மாற்றலாம்.

மருந்தை வார்டிலேயே திட்டமிடுங்கள். கால்சியமும் வைட்டமின் டியும் அன்றே தொடங்கலாம். டி குறைபாட்டைச் சரிசெய்துவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு 5 மி.கி. சோலெட்ரானிக் ஆசிட், ஆண்டுக்கு ஒரு தடவை, சிரை வழியாக. இடுப்பு முறிவுக்கு 90 நாளுக்குள் இதைக் கொடுத்துப் பார்த்த ஹொரைசன் ஆய்வில் (2007) அடுத்த முறிவு 35 சதவீதமும், இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே என்றால் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு டினோசுமாப் 60 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கால்சியம் அளவைக் கண்காணித்தபடி. டினோசுமாப்பைத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கலாம் என்பதை வீட்டாரிடம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இந்த மருந்துகள் முறிவு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்ற பயத்தில் ஆறு மாதம் ஒத்திப்போடுபவர்கள் உண்டு. நடைமுறையில் அப்படித் தாமதமாவதில்லை.

வேறிடத்தில் ஒரு பக்கம் பொருத்தப்பட்டு, ஒன்றரை வருடம் கழித்து மறுபக்கம் முறிந்து என்னிடம் வந்தவர்களின் டிஸ்சார்ஜ் தாள்களைப் புரட்டியிருக்கிறேன். நெயிலின் நீளம், விட்டம், பேட்ச் எண் வரை இருக்கும். எலும்புப்புரை என்ற சொல் மட்டும் எங்கும் இருக்காது. அதனால் எங்கள் தாளில் நோய்ப் பெயர் வரியிலேயே அதை எழுதி, முதல் ஊசியின் தேதியைச் சிவப்பு மையில் குறித்து, தையல் பிரிக்க வரும் நாளையும் அதே தேதிக்கு மாற்றிவிடுகிறோம். இரண்டு தடவை வண்டி வைத்துக்கொண்டு வருவது அவர்களுக்கும் சிரமம்.